ஆறு மில்லிமீட்டர் வாசல்

கடூம்பாவில் ஜூலை.
கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம்,
மேலே எங்கள் கடைக்குள் கிறிஸ்துமஸ்.
டிசம்பரில் இந்த ஊருக்கு வியர்க்கும். அதனால்
நாள்காட்டிக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று
வருஷத்துக்கு இரண்டு.

காலை நாலரைக்கு மாவு உருட்டுகிறேன்.
சுக்கு, பட்டை, கிராம்பு,
ஒரு சிட்டிகை மிளகு.
மிளகு என் கைச்சரக்கு,
முதலாளி ப்ரோன்வினுக்குத் தெரியாது.
வீட்டுக்கு ஆறு துண்டு:
பக்கச் சுவர் இரண்டு, முகம், முதுகு,
கூரைக்கு இரண்டு பலகை.
நாற்பத்தெட்டு வீட்டுக்கு இருநூற்று எண்பத்தெட்டு.
விடிவதற்குள் ஒரு தெரு,
நாய் இல்லை, மின்கம்பம் இல்லை.

கோலம் போட்டுப் பழகிய கையா என்று
சிட்னியிலிருந்து வந்த ஒரு தமிழ்க்காரர் கேட்டார்.
இல்லை. கோலம் எனக்கு வராது, புள்ளி தப்பும்.
நாமக்கல் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ,
எழுபத்தெட்டு சதவீதம்.
கான்கிரீட் இறுக இருபத்தெட்டு நாள்
என்று அங்கே படித்தேன்.
இங்கே முட்டை வெள்ளையும் சர்க்கரையும்
இருபது நிமிஷத்தில் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.
அதுவரைக்கும் முட்டுக்கொடுப்பது
என் விரல்தான்.

சூட்சுமம் வாசலில்.
முன்வாசல் ஒரு வெட்டு, கொல்லைவாசல் ஒரு வெட்டு,
இரண்டும் ஒரே கோட்டில்.
அப்போதுதான் வீடு கோப்பையின் விளிம்பில்
சவாரி உட்காரும்,
பாதி வெளியே, பாதி பாலுக்கு மேலே.
விளிம்பின் கனம் நாலு மில்லிமீட்டர்.
நாலே வெட்டினால் அடுப்பில் உப்பி மூடிக்கொள்ளும்,
எட்டு வெட்டினால் தலைகுப்புற.
ஆறு.
ஆறுக்கு வந்துசேர்வதற்குள்
பதினோரு வீடு மூழ்கியது.
மனையடி சாஸ்திரத்தில் இந்த அளவுக்கு
என்ன பலன் போட்டிருக்கிறதோ.

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள்.
பார்த்தாயிற்று, தினமும் நாற்பத்தெட்டு.
நாங்கள் இருப்பது ரயில் பாதையோரம், வாடகைக்கு.
ஆணி அடிக்கக் கூடாது.
முருகன் ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்தில் நிற்கிறார்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து சுவர்களைப் படம் எடுப்பான்.
நேற்று வந்தவன் குளியலறை மூலையில்
பூஞ்சை என்று எழுதினான்,
ஜன்னலைத் திறந்து வைக்கவும் என்று எழுதினான்.
வெளியே இரண்டு டிகிரி.
இரவு ஷிஃப்ட் முடித்துப் படுத்த ஆவுடையப்பன்
போர்வைக்குள்ளிருந்தே சரி சார் என்றான்.

இன்று பத்தரை மணிக்கு அவனே கடைக்கு வருகிறான்.
டேமியன், சட்டைப்பையில் பெயர்.
ஹாட் சாக்லேட், பெரியது, வீட்டோடு.
வலைத்தொப்பிக்குக் கீழே என்னை அடையாளம் தெரியவில்லை.
வரிசையில் ஒரே ஒரு வீட்டுக்கு
முதுகில் மயிரிழை விரிசல்.
அதை எடுத்து வைத்தேன்.
தவறித்தான் எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

முன்னால் ஒரு படம் எடுத்தான்,
பக்கவாட்டில் ஒன்று. தொழில் பழக்கம்.
அப்புறம் ஜன்னலில் கண்ணை வைத்து
உள்ளே எட்டிப் பார்த்தான்.
உள்ளே என்ன, ஆவிதான்.
மூன்றாவது படத்துக்குள் முதுகு கழன்று
கூரையோடு பாலில் விழுந்தது,
டையில் தெறித்தது.
கரண்டியால் ஒரு சுவரை மீட்டெடுத்து
பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நிமிர்ந்தான்:
ஐயோ, நான்தான் உடைத்துவிட்டேன்.

பரவாயில்லை, பாண்ட் பணத்தில் பிடிக்க மாட்டோம்
என்று நாக்கு நுனிவரை வந்தது.
வேறொன்று கொண்டுபோய் வைத்தேன்,
நேரானது, கூரையில் பனி கனமாக.
ஒரு மூலையைக் கடித்தான். மென்றான். நிறுத்தினான்.
இதில் மிளகா இருக்கிறது?

ஒன்றரை வருஷத்தில் கண்டுபிடித்த முதல் ஆள்.

அதை மட்டும்
எழுதிவிடாதே என்றேன்.