கதிர்

செவ்வாய்க்கிழமை, அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் நிலோஃபர் பொறுமையாக விளக்கத் தொடங்கியபோது
ஸ்லைடைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

நானூறு மடங்குப் பெருக்கத்தில்
என் கழுத்துக் கட்டியிலிருந்து சீவியெடுத்த துணுக்கு.
செல்கள் நெருக்கியடித்துப் பிளந்துகொண்டிருந்தன.
"அருமையாகச் சாயம் ஏறியிருக்கிறது" என்றேன்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பே
பிளவை நிறுத்துவதுதான்.
மூலனூர்க் காட்டுக் கண்வலிக்கிழங்கின் விதைச்சாறு,
வெங்காய வேர்நுனியில் ஒரு சொட்டு.
குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிரிழை
கட்டப்படாமலே போகும்.
கடைசி பஸ் போன தாராபுரம் ஸ்டாண்டில்
மூட்டையோடு நிற்பவர்கள் மாதிரி
அவை அங்கங்கே நின்றுவிடும்.
நான் எண்ணுவேன்.

இப்போது இரவு பதினொன்றரை.
கட்டுரைகளைப் பின்னாலிருந்து படிப்பது என் பழக்கம்:
முதலில் அட்டவணை, பிறகு அடிக்குறிப்பு,
பேச்செல்லாம் கடைசியில்.
பிழைத்தோர் வளைவு படிக்கட்டாய் இறங்குகிறது,
ஒரு படிக்கு ஓர் ஆள்.
நடுநடுவே சின்னச் செங்குத்துக் கோடு:
தொடர்பு விட்டுப்போனவர்.
குணமாகி மறந்திருக்கலாம்.
வந்துபோகப் பஸ் காசில்லாமலும் இருந்திருக்கலாம்.

ஐந்து மருந்து. நாலாவதில் விரல் நின்றது.
வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணி.
ஆத்துப்பாலம் மயானத்துச் சுவரோரம்
யாரும் தண்ணீர் விடாமல் பூத்துக் கிடப்பது.
அதுவும் அதே கதிரிழையைத்தான் குலைக்கிறது.
என் கிழங்கைச் சேர்க்கவில்லையே என்று
ஒரு நொடி, வெட்கக்கேடு, பொறாமை.
சேர்க்க மாட்டார்கள். ஆய்வேட்டில் நானே எழுதியது:
மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடம் போதாது.

விரல்நுனி மரத்துப்போகும் என்கிறார்கள்,
எத்தனை சதவீதம் என்றும்.
கவர்ஸ்லிப்பை உடையாமல் கட்டைவிரலால் அழுத்த
எவ்வளவு உணர்ச்சி மிச்சம் வேண்டும்?
எந்த அட்டவணையிலும் இல்லை.

காலையில் பழனாத்தாளிடமிருந்து போன்.
பூப் பூவாய் மகரந்தம் தொட்டு வைப்பவள்.
"ஐப்பசி மழை புடிச்சா அத்தனையும் கொட்டிப்போகுமுங்க,
எப்ப வர்றீங்க அம்மிணி?"
சொன்னேன். ஆறு சுற்று, மூணு வாரத்துக்கு ஒருக்கா.
"மருந்து எதுலீங்க எடுக்கறாங்க?"
நித்தியகல்யாணியில்.
வெகுநேரம் காட்டுக் காற்று மட்டும் கேட்டது.
"சுடுகாட்டுப் பூவுங்களா?
அதைய ஆடுகூடக் கடிக்காதுங்களே."

அதனாலதான், என்றேன்.