பத்து மதிப்பெண் வினா

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
லாட்ஜுகள் எல்லாவற்றிலும் வங்காள எழுத்து.
வேலூர் வார்டின் ஜன்னலில்
எழுதப் படிக்கத் தெரியாதவளாய் நிற்கிறேன்,
பத்தொன்பது வருடம் தமிழ் நடத்தியவள்.

பையில் நாற்பத்து மூன்று விடைத்தாள்.
வினா எண் பதினேழு, நான் போட்டதுதான்:
‘இரு கதைகளிலும் சாவும் வருத்தமும்
காட்டப்படும் விதத்தை ஒப்பிடுக.’

முதல் கதையில் ஒரு வட்டிக்கடைக்காரர் சாகிறார்.
பதினான்கு பக்கம்.
ஆளாளுக்குச் சொல்லியனுப்பி
அடகில் மூழ்கிய கம்மலுக்கும்
ஏலம் போன பசுவுக்கும் கைகூப்பி,
கடைசி வரியில் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு
அணைகிறார்.

இரண்டாவது மூன்றரைப் பக்கம்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் ஒருத்தி
‘பாலை இறக்கியாச்சா’ என்கிறாள். அவ்வளவுதான்.
வருத்தம் என்ற சொல்லே அதில் இல்லை.
காரியம் முடிந்த மறுநாள்
வாசலில் கிடக்கும் அவள் செருப்பை எடுக்கலாமா என்று
யாரைக் கேட்பதென்று தெரியாமல்
புருஷன் நிற்பதோடு முடிகிறது.

முதலாவது வருத்தத்தைப் பேச வைக்கிறது,
இரண்டாவது அதைக் குழியாகத் தோண்டி வைக்கிறது
என்று வருடாவருடம் சொல்வேன்.
பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள்.
நாற்பது தாள் திருத்திவிட்டேன்,
நாற்பதிலும் அதே குழி.

தேசிங்கு அண்ணன் விழித்துக்கொண்டான்.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவன்.
வாலாஜா வீட்டுப் பத்திரத்தில்
என் பெயர் விட்டுப்போனதிலிருந்து
பதினோரு வருடம் பேச்சில்லை.
விட்டுப்போனது, என் சொல்.
எடுத்தது, என் கணவர் சொல்.
போன வாரம்
டயாலிசிஸ் போதுமென்று அவனே சொல்லிவிட்டான்.
காட்பாடியில் இறங்கி ஆட்டோவில் வரும்போதே தெரியும்,
இரண்டில் ஒரு கதைதான் நடக்கும்.
எதற்கும் இருக்கட்டுமென்று
இரண்டு கைக்குட்டை வைத்திருந்தேன்.

“இன்னா படிச்சிகினு கீற?”

கதை சொன்னேன். இரண்டையும்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“சாவப்போறவனுக்கு அம்மாம் பேச ஏது மூச்சு?
உன் பேரச் சொன்னாலே எனக்கு
மலக்கோட்ட ஏறுனாப்ல கீது.”
வெகுநேரம் கழித்து,
“அந்தம்மா கேட்டுச்சே, பாலு.
எறக்குனாங்களா?”

புத்தகத்தில் இல்லை.
பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளை கேட்டதில்லை,
நானும்.
அத்தனை வகுப்பிலும்
அடுப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

“முதுகு அரிக்குது பூரணி.”

கிட்னி போனால் அப்படித்தான்க்கா,
உள்ளிருந்து அரிக்கும் என்று
நர்ஸ் எஸ்தர் முன்பே சொல்லியிருந்தாள்.
சட்டையை மேலே ஏற்றினேன்.
மே மாதப் பாலாறு: மணல், கோடு, மணல்.
“இன்னும் மேல. அங்க இல்ல. இந்தாண்ட.”
இந்தாண்ட எது என்று
இரண்டு கதையும் சொல்லித்தரவில்லை.
கண்டுபிடித்தபோது ஒரு சத்தம் விட்டான்.
மன்னிப்பாக இருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன்.
சுகம். வெறும் சுகம்.
கம்பத்தில் உரசும் எருமை விடுவது.

பத்திரத்தைப் பற்றி அவன் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும் என்பார் என் கணவர்.

விடிகாலையில் தூங்கிப்போனான்.
மூச்சை எண்ணினேன், இருந்தது.
இடது கையை முதுகிலிருந்து எடுக்காமல்
வலது கையால் அடுத்த தாளைப் புரட்டினேன்.
பதினேழாவது வினாவுக்கு
கேள்வியை மட்டும் அழகாக எழுதி, அடிக்கோடிட்டு,
கீழே இரண்டே வரி:
‘முதல் கதையில் அவர் நடிக்கிறார்.
இரண்டாவது கதையை நான் படிக்கவில்லை, மன்னிக்கவும்.’

விடைக்குறிப்பின்படி ஒன்று.
ஏழு போட்டேன்.
நகக்கண்ணிலிருந்து
வெள்ளையாகக் கொஞ்சம் தோல் உதிர்ந்தது
அந்த ஏழின் மேல்.
ஊதிவிடவில்லை.