பவுண் கணக்கு

அறை வாடகை எழுநூற்றெண்பது பவுண் என்று
கொப்பியில் நான் எழுதியதைப் பார்த்து
அம்மா நெஞ்சில் கை வைத்தா.
அவவுக்குத் தெரிந்த பவுண்
கஸ்தூரியார் வீதித் தராசில் ஏறுவது.
இது காசுப் பவுண் என்று சொல்லி
நானூறால் பெருக்கிக் காட்டினேன்.
வைத்த கையை எடுக்கவில்லை.

பாசையூரில் கரண்ட் நின்ற இரவு.
நுளம்புத்திரிப் புகைக்கு மேலே
ஃபோன் வெளிச்சத்தில் மூன்று அறைகள்.

முதலாவது,
நான் பல் கட்டப்போகும் ஆய்வுகூடத்துக்குப் பின்தெரு.
மழை தொடங்க முன் நடந்து போய்விடலாம்.
வாடகை கட்டிய பிறகு
மழையைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

இரண்டாவது ஐந்நூற்றெண்பது.
பஸ்ஸுக்கு எழுபது.
ஐம்பது நிமிட ஓட்டம்;
பருத்தித்துறை பஸ் அந்நேரத்துக்கு
நெல்லியடியில் ஆளிறக்கும்.
படத்தில் யன்னல் இருக்கிறது.
யன்னலுக்கு வெளியே என்ன என்பது இல்லை.

மூன்றாவது,
ஹரோவில் எட்வின் மாமா வீட்டுப் பெட்டியறை.
சும்மா வந்து இரு பிள்ளை என்றார் மாமா.
சும்மா என்றால் மாதம் எவ்வளவு என்று
கேட்க வாய் வரவில்லை;
நானே போட்டுப் பார்த்தேன்.
சனி ஞாயிறு கடைக் கல்லாவில்.
பின்னேரம் சின்னவனுக்குக் கணக்குப் பாடம்.
இரவுச் சாப்பாட்டோடு
தொண்ணூற்றிரண்டில் அவர்கள் வந்துசேர்ந்த கதை.
ஆரோட இவ்வளவு நேரம் ஃபோனில என்கிற மாமி.
இவற்றுக்கு நாணய மாற்று விகிதம்
எந்த வங்கியிலும் ஒட்டப்படவில்லை.

கீழே கீழே வரிகள் கூடின.
தண்ணீருக்கு என்று எழுதும்போது பேனை நின்றது.
முப்பத்தொரு வருஷம்
கிணற்றுக்கு நான் காசு கட்டியதில்லை.
அங்கேயும் சோலைவரி உண்டாம்.
சோலை எங்கேயடி என்று அனிஸ்ரலாவைக் கேட்டேன்.
வந்து பார், குப்பைவாளி மூண்டு நிறத்தில நிக்கும் என்று
குரல் அனுப்பினாள்.
பேந்து இருமிக்கொண்டு இன்னொன்று:
கட்டில் வாங்காதை, நல்ல சப்பாத்து வாங்கு.
முதல் சம்பளம் வர அஞ்சு கிழமை.
அந்த அஞ்சு கிழமையையும்
பெட்டிக்குள்ள மடிச்சுக்கொண்டு வா.

ஏழரைக்கு ஸ்கூட்டி பார்க்க வந்தான்
குருநகர் நெவில்.
டோர்ச் அடித்து, டயரைத் தட்டி,
ஐயாயிரம் குறைக்கச் சொன்னான்.
பன்னிரண்டரைப் பவுண். ஐந்து நாள் பஸ்.
மாட்டேன் என்று வாயெடுக்கையில் சிரித்தான்.
மேல்வரிசையில் இடமிருந்து இரண்டாவது
போன மாசியில் நான் செய்த பல்.
நிறம் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது.
குறைத்தேன்.

அடைவில் கிடக்கும் அம்மாவின் காப்பு, ஆறு பவுண்.
அதை மீட்க மாதம் இத்தனை பவுண் என்று எழுதினேன்.
ஒரே வரியில் அந்த இரண்டு பவுணும்
முன்பின் கதைத்திராத சம்பந்திகள் போல
தள்ளித் தள்ளி நின்றன.

கடைசியாக, பெயர் எழுதாத ஒரு வரி.
மாதம் நாற்பது.
அம்மா விரலை வைத்தா.
இது என்னத்துக்கு?
சில்லறைச் செலவு என்றேன்.
நுளம்புத்திரியில் ஒரு வளையம் சாம்பலாகி விழும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

அந்தரத்துக்கு டிக்கெட் எடுக்கிறதெண்டால்
நத்தார் நேரம் விலை கூடவாம்.
ஞானம்மாவின்ர செத்தவீட்டுக்கு
மகன் வரேலாமல் போனது அதாலதான்.
அறுபதாய்ப் போடு.

போட்டேன்.
முதல் அறையை வெட்டினேன்.
கரண்ட் வந்தது.
இரண்டாவது அறைக்காரனுக்கு
யன்னல் எந்தத் திசை என்று கேட்டு
ஒரு வரி அனுப்பினேன்.
அங்கே பின்னேரம் மூன்று மணி.
இன்னும் வெளிச்சம் இருக்கும்,
போய்ப் பார்த்துச் சொல்லலாம்.