ஒரு மணிநேரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்

முதல் நாள் ஓஸ்மோவுக்கு என் முகம் தெரியவில்லை.
காய்ச்சல் கண்ணுக்குள் புகுந்து
எல்லாவற்றின் ஓரத்தையும் கரைத்திருந்தது.
"யாரு, ஹில்க்காவா?" என்றான்.
ஹில்க்கா ஓய்வுபெற்று இரண்டு வருடம்.
நான் ஊசி, நான் பஞ்சு,
குழாயில் பெயர் ஒட்டுகிறவள்.

அக்டோபரில் விறகுக் கொட்டகையைப் பெருக்கினானாம்
வாயைக் கட்டாமல்.
காட்டெலியின் காய்ந்த மூத்திரம் தூசியாய் எழுந்து
மூச்சோடு உள்ளே போய்
மூன்று வாரம் சத்தமில்லாமல் இருந்தது.
பிறகு இடுப்பில் கோடரி.
சி.ஆர்.பி. எண்பத்து நான்கு.
தட்டணுக்கள் நாற்பத்தோராயிரம்.
கிரியாட்டினினைச் சொல்லவே வேண்டாம்.
ஆம்புலன்ஸ் யோயென்சுவுக்குப் போனது.
எட்டாம் நாள்
ஐந்து லிட்டர் மூத்திரத்தோடு
உயிரும் திரும்பி வந்தது.

அதன்பின் திங்கட்கிழமைகள் என்னுடையவை.

இந்த வழக்கில் இரண்டு சாட்சிகள்.
சி.ஆர்.பி. அவசரக்காரன்,
தீப்பிடித்தால் முதலில் கத்துவான்,
அணைந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவான்.
இ.எஸ்.ஆர். அப்படியில்லை.
விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகும்
கோப்பைகளை எண்ணிக்கொண்டு
சமையலறையில் நிற்பவள்.

மூன்றாம் திங்கள் சி.ஆர்.பி. மூன்று.
ஓவுலுவிலிருந்து புதிதாய் வந்த டாக்டர்
போனிலேயே சொல்லிவிட்டார்:
சரியாகிவிட்டது, வேலைக்குப் போகலாம்.
ஓஸ்மோ தாளை நாலாய் மடித்தான்.
"மூணு படி ஏறினா நாக்கு தள்ளுது.
இந்த மூணை என் முழங்காலுக்கு
யாரு படிச்சுக் காட்டுறது?"

அவன் வேலை ஏரியின் மேல்.
பியலினென் உறைந்ததும் துளை போட்டு, அளந்து,
கம்பு நட்டு,
ஊர் கார்களை அக்கரைக்கு விடுகிறவன்.
"ஒரே துளையைப் பார்த்துப் பாதை திறக்கிறவன்
ஆளைக் கொல்றவன்.
அடியில நீரோட்டம் இருக்கிறது மேல தெரியாது.
அம்பது அடிக்கு ஒண்ணு போடணும்.
உன் குழாய்ல வேற என்ன இருக்கு?"

மெஷின் வெள்ளிக்கிழமையிலிருந்து பழுது.
அலமாரியின் அடியிலிருந்து
பழைய தாங்கியை எடுத்து வைத்திருந்தேன்.
நெட்டுக்குத்தாய் ஒரு கண்ணாடிக் குழாய்,
இருநூறு கோடுகள்,
ஒரு மணிநேரம்.
"உட்கார்ந்து பார்க்கலாமா?" என்றான்.
பதினெட்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

பார்த்தோம்.
காலை எட்டரை, வெளியே இன்னும் இருட்டு.
பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை.
அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை,
அது இங்கே மரியாதை.
பிறகு மேலே, நகத்தின் பிறை அளவுக்கு
ஒரு மஞ்சள்.
தனித்தனியாய் இருந்தால் அணுக்கள் மெல்ல இறங்கும்.
அழற்சி இன்னும் மிச்சமிருந்தால்
காசு அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டி
கனத்து விழும்.
மழை விட்டும் தூவானம் விடவில்லை,
அந்தத் தூவானம்தான்
இந்தக் குழாய்க்குள் சிவப்பாய் இறங்குகிறது.

முப்பத்தெட்டு.
"போன வாரம்?"
"நாற்பத்தாறு."
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில்
எட்டு மில்லிமீட்டரைப் பிடித்துக் காட்டினான்,
அளவுகோல் இல்லாமல், சரியாக.
"ஒரு நல்ல ராத்திரியோட ஐஸ்" என்றான்.
"உறைஞ்சுகிட்டு இருக்கு. நடக்கத்தான் முடியாது."

அறிக்கையில் முழங்காலுக்குக் கட்டம் கிடையாது.
இரத்தம் உடைந்திருந்தால் குறிக்கும் இடத்தில்
'மூன்று படி' என்று எழுதினேன்.
டாக்டர் போன் செய்தார், இதென்ன என்று.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
இன்னும் நான்கு வாரம் என்றார்.

அந்தக் குளிரில் பாதை பதினாறு நாள் தாமதம்.
ரொட்டி வேன் எழுபது கிலோமீட்டர் சுற்றியது.
கடை வாசலில் அவனை ஏசினார்கள்,
காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதாம்.
கடைசித் திங்கள் பன்னிரண்டு.
அவன் எண்ணைக் கேட்கவில்லை,
சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு
படிகளில் இறங்கி, மறுபடி ஏறி,
மறந்த தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

பிப்ரவரியில் நானும் ஏரிமேல் போனேன்.
பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி,
முப்பதுக்கு மேல் போகாமல்.
கம்புக்குக் கம்பு அவன் போட்ட துளைகள்
வெள்ளைத் தழும்பாய் மூடியிருந்தன.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
பதினேழுக்குப் பிறகு
விட்டுவிட்டேன்.