இரண்டு எதிரிக்கு ஒரு விளக்கு

ஆகஸ்ட் இரண்டாம் வாரம்.
ஓர்சேயின் செஸ்ட்நட் மரங்கள்
இலை ஓரம் கருகி நின்றன.
தண்டவாளம் சூட்டில் நீண்டுவிட்டதாம்,
பாரிஸ் ரயில் ஊர்ந்து வந்தது.
மேடேறி நான் போய்ச் சேர்ந்தபோது
மூன்றாம் மாடி இன்குபேட்டர்
இருபதில் நிற்க வேண்டியது
முப்பதில் நின்றது.

எத்தனை மணி நேரமாக?
இரவுக் காவலர் சுமைலா சொன்னார்:
"பதினோரு மணிக்குக் கொஞ்சம் கத்தியது.
யாரும் வரவில்லை என்றதும்
தானே ஓய்ந்துவிட்டது."

உள்ளே என் புழுக்கள்.
ஒரு மில்லிமீட்டர் உடம்பு, கண்ணாடித் தோல்.
தொண்டை, குடல், வரிசையாய் முட்டை
எல்லாம் வெளியே தெரியும்.
ரகசியம் வைக்க வழியில்லாத பிராணி.
அழுகிய ஆப்பிளில் பெருகிய குலம்;
அதே ஆப்பிளில்
அதற்கென்றே ஒரு வைரஸும் இருந்தது.
சாப்பாட்டோடு சாப்பாடாய் வாய்வழி இறங்கி
குடலில் பாய் விரிக்கும்.

அது வந்தால் தெரியட்டும் என்று
குடலுக்குள் ஒரு பச்சை விளக்கை
நாங்கள்தான் பொருத்தியிருந்தோம்.
தொற்று என்றால் பச்சை.
அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

நுண்ணோக்கியில் குனிந்தேன்.
வைரஸ் இன்னும் உறைபெட்டியில்,
மைனஸ் எண்பதில், மூடி திறக்காமல்.
தட்டு முழுக்கப் பச்சை.

வெயிலுக்கும் திருடனுக்கும்
இந்த வீட்டில் ஒரே விளக்கு.
எரிவது கூரையா, உடைவது கதவா
என்று விசாரிக்க நேரமில்லை;
விளக்கை ஏற்றிவிட்டு
இருட்டில் பாத்திரங்களை உருட்டுகிறது.

குப்பைக்குத்தான் எடுத்தேன்.
ஆட்டோகிளேவ் மதியம்வரை காலியில்லை.
சும்மா இருக்கத் தெரியாத கை
வைரஸை உருக்கி
வெந்த தட்டுகளில் சொட்டியது,
இரண்டாம் மாடியில் இருபதிலேயே இருந்த
வேகாத தட்டுகளிலும் சொட்டியது.

மூன்று நாள்.
சுகமாய் வளர்ந்தவை
குடல் வெளிறி, நெளிவு தளர்ந்து கிடந்தன.
வெந்தவற்றில் வைரஸைத் தேடினேன்.
பத்தில் ஒரு பங்கும் இல்லை.

பெரெனிஸ் இரண்டிரண்டு படியாய்த் தாவி வந்தார்.
"துன்பம் பலம் தரும்!
தலைப்பே கிடைத்துவிட்டது" என்றார்.
எங்கள் இயக்குநர். நல்லவர்தான்.
அவர் அறையில் மட்டும் ஏசி உண்டு.

முட்டைகளை எண்ண
எனக்கு இரண்டு பகல் பிடித்தது.
பிளாட்டினக் கம்பியின் நுனியால்
ஒவ்வொன்றாய் ஒதுக்கி, உதடு அசைய.
வைரஸும் சூடும் தொடாத ஒரு புழு
இருநூற்று எழுபது.
வெந்து பிழைத்த ஒரு புழு
எண்பத்தொன்று.
அதில் பதினேழு பொரியவில்லை.
இரண்டாம் இரவும் சூட்டில் மறந்துவிட்ட ஒரு தட்டு
வைரஸுக்காகக் காத்திருக்கவே இல்லை,
குச்சி குச்சியாய் நேராய்ச் செத்திருந்தது.

எனக்கு வாதாட வராது.
அவர் தலைப்புக்குக் கீழே
எண்பத்தொன்று என்று பென்சிலில் எழுதினேன்.
அழித்தார்.
பேனாவில் எழுதினேன்.

அன்றிரவு சுமைலா கேட்டார்:
"உன் புழுக்கள் பிழைத்தனவா?"
"பிழைத்தன. பிள்ளைதான் குறைவு."
ஏழாம் மாடியில், துத்தநாகக் கூரைக்கு நேர் கீழே
பகலில் தூங்கப் பார்க்கிறவர் அவர்.
ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.
தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் உருட்டிக்கொண்டு
கேமராத் திரைகளுக்குத் திரும்பிவிட்டார்.

மெக்கானிக் வந்து ஒரு ஃப்யூஸ் மாற்றினான்.
எண்பத்து நான்கு யூரோ.
இன்குபேட்டர் இருபதுக்கு இறங்கியது,
மழையும் ஒருநாள் பெய்தது.

விளக்கணைத்து லென்ஸில் பார்க்கிறேன்.
சூடு போய்விட்டது என்று
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
இன்னும் பச்சை.