இடது சேனல்

கொருக்குப்பேட்டை கேட்டில் இருபது நிமிஷம்
நின்றுவிட்டு வந்திருக்கிறான்.
ஷூவைக் கழற்றும்போதே கேட்கிறான்:
டூ ஹெட்டா, த்ரீ ஹெட்டா?

தெரிந்ததைச் சொல்கிறேன் தம்பி.
ஆறரைக் கிலோ. பர்மா பஜார், ரசீது கிடையாது.
முகமெல்லாம் அலுமினியம், ஒரு மூலையில் மட்டும்
வருஷா வருஷம் ஆயுத பூஜைக் குங்குமம்.
நார்மல், குரோம், மெட்டல், தனித்தனிச் சுவிட்ச்.
டால்பி போட்டால் நாடாவின் இரைச்சல் அடங்கும்,
கூட்ஸ் வண்டி அடங்காது.
கதவு திறப்பது இன்னும் அப்படியே இருக்கிறது,
தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல.
மைக் குத்த முன்னால் இரண்டு ஓட்டை:
இடது, வலது.

இடது முள் எழுந்திருக்காது.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

போட்டுப் பார்க்க ஒரு கேசட் கேட்டான்.
வீட்டில் மிஞ்சியது ஒன்றுதான்.
தொண்ணூற்றொன்று, தை மாசம், எங்கள் நிச்சயதார்த்தம்.
புது மெஷின் பெருமையில் இவர்தான் பதிவு செய்தார்.
மாப்பிள்ளை வீட்டார் பக்கம் இடது மைக்.
எங்கள் பக்கம் வலது.

எண்கள் உருள்கின்றன. 047.
வலது முள் துள்ளுகிறது, அப்பா:
'அதுக்கென்னங்க, போட்டுடலாம்.'
பிறகு வெறும் சுழற்சி.
112. 'பதினஞ்சா... பத்துன்னுதானே பேச்சு.'
சுழற்சி. யாரோ டம்ளரை வைக்கிறார்கள்.
'சரிங்க.'
சுழற்சி.
'சரிங்க.'
'வண்டிக்கு ஆடி வரைக்கும் டயம் குடுங்க.'
நீண்ட சுழற்சி. நடுவில் என் வளையல், ஒருமுறை.
'சரிங்க சம்மந்தி.'

ஹார்பரில் விஞ்ச் ஓட்டிய தேசப்பன்
முப்பது வருஷமாக
யாருமில்லாத சுவரிடம் தலையாட்டுகிறார்.

பையன் மேல்மூடியைக் கழற்றிவிட்டான்.
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு தேடுகிறான்.
பெல்ட் இளகியிருக்கிறதாம். ஹெட்டில் தேய்மானமே இல்லையாம்.
டார்ச்சை எடுத்துவிட்டுச் சொல்கிறான்:
'ஆன்ட்டி, இது ரிப்பேரே இல்ல.
ஹெட்டுக்குப் போற வெள்ளை வயரு, பாருங்க,
கட்டிங் பிளேயர்ல நறுக்கியிருக்காங்க.
நுனியில டேப்பு கூடச் சுத்தியிருக்கு, நீட்டா.'

இந்த வீட்டில் கட்டிங் பிளேயர் பிடித்த கை
ஒன்றுதான்.
உள்ளறையில் காலையிலிருந்து
இருமிக்கொண்டிருக்கிறது அந்த உடம்பு.

'அயர்ன் பையிலயே இருக்கு. அஞ்சு நிமிஷம்.
ஒட்டிடவா?'

இருமல் நின்றுவிட்டது.

பிளக் பாயிண்ட் எங்கே என்று பார்க்கிறான்.
டேபிள் ஃபேனுக்குப் பின்னால்
கை காட்டுகிறேன்.