அரைக் கூடை

மூன்று நிறுவனங்கள் வந்தன, செயல்விளக்கம் காட்ட.
மூன்றும் பகல் பதினொரு மணிக்கு,
தஞ்சோங் பகார், இருபத்திரண்டாம் மாடி,
விரல் விறைக்கும் குளிரூட்டியில்.
மூன்று திரையிலும் ஒரு தக்காளி
பனித்துளியோடு பளபளத்தது.
நான் மதிப்பெண் போட்டேன்:
விலைக்கு நாற்பது, பாதுகாப்புக்கு முப்பது,
'பயன்படுத்த எளிது' என்பதற்குப் பத்து.
மிச்சம் இருபது எதற்கென்று
இப்போது நினைவில்லை.

பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு
முதலில் போனது ஒரு செவ்வாய், இரவு இரண்டரைக்கு.
மலேசிய லாரிகள் பின்கதவு திறந்து நின்றன.
முட்டைக்கோஸ் இலையில் கால் வழுக்கி
என் தேவைப் பட்டியல் நாற்பத்தேழு பக்கமும்
ஈரத் தரையில் பரந்தது.
பொறுக்கிக் கொடுத்தவர் அருள்தாஸ்.
"இதுல எங்க பேர் இருக்கா?"
இருந்தது. 'இறுதிப் பயனர்' என்று.
"இறுதின்னா ஊர்வலம்ல?" என்றார்,
சிரிக்காமல்.

கடையின் பழைய அமைப்பு எது என்று கேட்டேன்.
சியூ பீ தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.
முப்பத்தொரு வருடம் ஓடுகிறது, ஒருநாளும் நின்றதில்லை.
காப்பு நகல்?
ஒரு பிஸ்கட் டின் நிறைய அட்டைகள்,
துணி காயப்போடும் கிளிப்புகள்.
சிவப்பு என்றால் கடன்.
பச்சை என்றால் நல்ல மனிதர்.
இரண்டும் ஒரே அட்டையில் இருந்தால்
கடன்பட்ட நல்ல மனிதர்,
கேட்காதே.

பொருளுக்குப் பெயர் ஒன்றுதான், என்றது மலிவான மென்பொருள்.
நான் ஒரு கட்டுக் கீரையைத் தூக்கிப் பிடித்தேன்.
காங்கோங், என்றார் ஸாகரியா, ஃபோர்க்லிஃப்டை நிறுத்தாமலே.
எங் சாய், என்றார் சியூ பீ.
வள்ளைக்கீரை, என்றார் அருள்தாஸ்,
யாருக்கும் கேட்காத குரலில்.
பூஜ்யம் நான்கு ஒன்று ஏழு, என்றது கணக்குப் பிரிவு.
நான்கில் எதைத் தட்டினாலும்
அந்தக் கீரையே வரவேண்டும் என்று எழுதினேன்.
எழுதியதும் மலிவானது விழுந்தது.
விழவைக்க, பத்தை நாற்பதாக்கி
மறுபடி கூட்டினேன்.
இது நேர்மையா என்று முதலாளி கேட்கவில்லை.
நான்தான் கேட்டுக்கொண்டேன்,
எம்ஆர்டியில், வீடு வரைக்கும்.

ஈரக் கையுறைக்குத் திரை அசையவில்லை;
பொத்தான்களைப் பெருவிரல் அகலத்துக்கு வளர்த்தோம்.
முப்பது நொடியில் தூங்கிவிடும் திரையை
விடியும்வரை விழித்திருக்கச் சொன்னோம்.
பயிற்சி நாளில் எல்லோரும் தலையாட்டினார்கள்.
தலையாட்டலை நான் 'புரிந்தது' என்று பதிந்தேன்.

தொடங்கிய இரவு, மூன்று பத்துக்கு,
கிராஞ்சி விடுதிக்குச் சமைப்பவர் வந்தார்.
கத்தரிக்காய், அரைக் கூடை.
அரையைத் திரை ஏற்கவில்லை.
முழு எண் மட்டும், என்று சிவந்தது.
நாற்பத்தேழு பக்கத்திலும் அரை என்ற சொல் இல்லை.
நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.
அரை விற்கிறோம் என்று
யார் தனியாகச் சொல்வார்கள்?
பின்னால் ஏழு லாரி. ஹாரன்.
சியூ பீ சத்தம் போடவில்லை.
டின்னைத் திறந்தார், அட்டையில் இரண்டு கோடு கிழித்தார்,
பச்சைக் கிளிப்பால்
புத்தம்புதுத் திரையின் ஓரத்தில் மாட்டினார்.
"போ," என்றார். லாரி போனது.

நான் ஜெரோமைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன்.
"அரை," என்றேன்.
"என்ன அரை?"
"கூடை."
நீண்ட மௌனம். யாரோ புரண்டு படுக்கும் ஓசை.
அரை வந்து சேர எட்டு நாள் ஆயிற்று,
கூடவே கால், முக்கால், யாரும் கேளாத அரைக்கால்.

இப்போது அமைப்பு ஓடுகிறது.
டின்னும் இருக்கிறது, பக்கத்திலேயே.
பச்சைக் கிளிப்புக்கும் ஒரு கட்டம் வைக்கட்டுமா என்று
போன வாரம் கேட்டேன்.
சியூ பீ கோப்பியை ஒரு மிடறு குடித்தார்.
"உள்ளே போட்டால்
முதலாளி படிப்பாரே."

டின்னைச் சற்று நகர்த்தி
விசைப்பலகைக்கு இடம் பண்ணினேன்.